தறப்பாள் புரண்ட பக்கம்

கனகசிங்கத்தாருக்குக் காவல் வேலை போவதைவிட, கள்ளன் என்ற பெயரோடு போவதுதான் தாங்க முடியவில்லை. பதினொரு வருடமாக இந்த வாவிக்கரைத் தோணித்துறைக்கு அவர்தான் காவல். போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் வினோஜனின் தோணி இஞ்சின் காணாமல் போனது. காவலாளியே எடுத்துக் கொடுத்திருப்பார் என்று அவன் அடித்துச் சொன்னான். துறைச் சாவியை மேசையில் வைக்கும்படி மீனவர் சங்கத் தலைவர் கேட்டார், இவரும் வைத்தார்.

துறையடி ஐஸ் கடைக் கமெராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. வெளியாட்கள் இருவர் இஞ்சினை வேனில் ஏற்றித் தறப்பாள் விரிப்பால் மூடுகிறார்கள். கனகசிங்கத்தார் மறுகோடியில் யாருக்கோ தோணி தள்ளிக்கொண்டிருக்கிறார். மகள் மேனுகா அதை வாங்கிவந்து சங்கக் கூட்டத்தில் போட்டுக் காட்டினாள்.

"இவட தொழிலே இதுதானே," என்றான் வினோஜன். "ரீவி நாடகத்தில கமெராப் படத்தை மாத்தி, செத்தவனையே நடக்க வெச்ச ஆள்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மேனுகா வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, கொழும்பில் எடுக்கும் துப்பறியும் தொடருக்குக் கணினியில் பொய்க் காட்சிகள் செய்து கொடுப்பவள். ஊரே அதை வாரம் தவறாமல் பார்த்தது. தலை போகிற அந்த நேரத்திலும் கனகசிங்கத்தாருக்கு உள்ளுக்குள் பெருமைதான். பிள்ளையின் வேலை அவ்வளவு திறம் என்று எதிரியே சொல்கிறான்.

மேனுகாவின் முகம் சுண்டிப்போனது. பிறகு என்ன நினைத்தாளோ, தன் தொடரின் நாலாம் பகுதியைப் போட்டாள்.

"இது நான் செஞ்சது. அப்பா பாத்த உடனே பிழை பிடிச்சவர்."

தலைக்கயிற்றில் கட்டிய தோணி காற்று வரும் பக்கம்தான் முகம் வைக்கும். படத்தில் தோணிகள் மேற்கே பார்த்து நிற்க, கள்ளன் இடுப்பில் கட்டிய சாரமும் மேற்கேயே பறந்தது. ஒரே கரையில் இரண்டு காற்றா என்று அன்று அப்பா கேட்டாராம். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"இப்ப இதப் பாருங்க."

ஐஸ் கடைப் படம் திரும்ப ஓடியது. பதினொன்றரைக்கு மேற்கேயிருந்து வீசிய கச்சான் காற்று ஓய்ந்து, கிழக்கே கடற்காற்று எழும்புகிறது. தோணிகள் முகம் திருப்புகின்றன. அதே நேரம் வேனில் இஞ்சின்மேல் கிடந்த தறப்பாளும் மறுபக்கம் புரண்டு அடிக்கிறது.

"செவ்வாய்க்கிழம காத்து மாறினது அந்த நேரம்தான்," என்றார் தலைவர். அன்று அவர் வாவிக்குள் வலையோடு நின்றவர். மற்றவர்களும்தான். காற்று விஷயத்தில் அவர்களை ஏமாற்றப் பிறந்தவன் எவனுமில்லை.

வினோஜனே சாவியை எடுத்துவந்து நீட்டினான். "பிழை என்னிலதான், மாமா."

சாவியை மடியில் செருகிய பிறகாவது மனிதர் பேசாமல் இருந்திருக்கலாம்.

"நாடகத்தில நான் பிடிச்சது பழைய பிழை," என்றார் கனகசிங்கத்தார். "இப்ப என்ட மகள் காத்தையும் சரியாச் செய்வாள். இனி நீங்க ஒருத்தரும் கண்டுபிடிக்க ஏலாது."

மேனுகா அவர் காலை மிதித்தாள். திரையில் நின்றுபோயிருந்த தறப்பாளை எல்லோரும் இன்னொரு முறை உற்றுப் பார்த்தார்கள். கனகசிங்கத்தார் மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.