பின்சந்துக் கதவு

தனக்கொடிக்குத் தொப்புளுக்கு மேலே ஒரு கட்டி. படுத்தால் உள்ளே போய்விடும். இருமினாலோ கூடையைத் தூக்கினாலோ எலுமிச்சம்பழம்போலத் துருத்திக்கொண்டு வரும். அது கட்டி இல்லை, குடல் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். விரலால் அழுத்தி உள்ளே தள்ளினார்.

"ஒருநாள் இது உள்ள போகாது. அன்னிக்கு என்கிட்ட வந்தும் பிரயோசனம் இல்ல."

"அறுத்துடுங்க சாமி."

"அறுத்தா தைக்கணுமில்ல? இவ்வளவு கொழுப்புல தையல் நிக்காது. உடம்பைக் குறைச்சிட்டு வா."

மாத்திரை கொடுத்தார். பிரான்சிலிருந்து வந்த மாத்திரை. பசியைக் கட்டும், மலத்தையும் கட்டும் என்று சொல்லியே கொடுத்தார். கீரை தின்ன வேண்டும். தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும். வந்தால் அடக்கக் கூடாது. முக்கவே கூடாது, முக்கினால் குடல் வெளியே வந்து சிக்கிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தண்ணீருக்கு மட்டும் ஆட்டவில்லை. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை.

மீன் விற்கிறவள் தண்ணீர் குடிப்பதில்லை. வைத்திக்குப்பத்துப் பெண்கள் விடிவதற்கு முன் கூட்டமாகக் கடலோரம் ஒதுங்கிவிட்டு வருவார்கள். அதோடு சரி. கூடை தலைக்கு ஏறிவிட்டால் முத்தியால்பேட்டைத் தெருக்களைச் சுற்றி இறங்க மதியம் தாண்டும். ஆண்களுக்கு எந்தச் சுவரும் போதும். பெண்கள் வாயை நனைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நடப்பார்கள்.

மாத்திரை வேலை செய்தது. சோற்றைப் பார்த்தாலே வெறுப்பாக இருந்தது. நாக்கு தேங்காய் நார் மாதிரி வறண்டது. வயிறு கல்லாகிவிட்டது. கடலோரத்தில் மற்றவர்கள் எழுந்து புடவையை உதறிக்கொண்ட பிறகும் அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"இன்னாக்கா, ஆமை கணக்கா முட்டை வக்கிறியா?" என்றாள் ஆதிலட்சுமி. அவளும் மீன்காரிதான். "நீ வக்கிறதுக்குள்ள வெய்யிலு வந்துடும்."

"வுடுடி, அவங்க வெள்ளக்கார மதாம் மாதிரி மெலியப் போறாங்க" என்றாள் இன்னொருத்தி.

தனக்கொடியும் சிரித்தாள். சிரிப்பில் குடல் துருத்தியது. முக்கிப் பார்த்த ஒருநாள் அது வெளியே வந்து, தள்ளத் தள்ள உள்ளே போகாமல் நின்றது. மணலில் மல்லாந்து படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அமுக்கினாள். போயிற்று. பயம் போகவில்லை.

அன்றைக்கு முத்தியால்பேட்டைத் தெருக்குழாயில் கூடையை இறக்கிவைத்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். மறுநாளும் குடித்தாள். மூன்றாம் நாள், அஞ்சலாட்சி வீட்டு வாசலில் மீனை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தபோது, வந்தது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

அஞ்சலாட்சி ஆலைக் குமாஸ்தாவின் மனைவி. பேரம் பேசினால் தெருமுனைவரை கேட்கும். ஆனால் வாங்கி முடித்ததும் கூடையைத் தலைக்கு ஏற்ற ஒரு கை கொடுப்பாள். வருஷக்கணக்காக அந்தக் கைதான்.

"இன்னாடி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? காரப்பொடி மீனு நாறிப்போச்சா, அத மறைக்கிறியா?"

"அம்மா, ஒருதரம் உங்க கொல்லைக்குப் போய்ட்டு வந்துடறேன்."

இத்தனை வருஷத்தில் தனக்கொடி அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. தாண்டலாமா என்று கேட்டதுமில்லை.

"சந்து வழியா வா" என்றாள் அஞ்சலாட்சி, தெருவைப் பார்த்துக்கொண்டே. "கதவத் தொறந்து வுடறேன்."

பின்சந்து கக்கூஸ் அள்ளுகிறவன் வருகிற வழி. தனக்கொடிக்கு அதெல்லாம் தோன்றவில்லை. முக்காமல் கொள்ளாமல் வயிறு இறங்கியது. தகரக் கதவுக்குள் உட்கார்ந்தபடி அழுதாள். வெளியே வந்தபோது கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்புத் துண்டும் இருந்தன. முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள்.

அப்புறம் அது வழக்கமாயிற்று. குழாயில் தண்ணீர், பிறகு சந்து, பிறகு வாசல். ஆஸ்பத்திரித் தராசில் எடை இறங்கியது. "இன்னும் கொஞ்சம். அடுத்த மாசம் அறுத்துடலாம்" என்றார் டாக்டர்.

எதிர்வீட்டில்தான் முதலில் வேண்டாம் என்றார்கள். உள்ளே மீன் பொரிகிற வாசனை வந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் வேண்டாம். கூடை கனத்தபடியே திரும்பியது. விஷயத்தை ஆதிலட்சுமிதான் சொன்னாள்.

"யக்கா, கோச்சுக்காத. நீ கக்கூசுக்குப் போயிட்டு வந்த கையால மீனை அள்ளிப் போடறியாம். தெருவே பேசுது. இப்ப எல்லாம் என்கிட்டதான் வாங்குறாங்க."

மறுநாள் பின்சந்துக் கதவு தாழிட்டிருந்தது. தட்டினாள். உள்ளே வாளி வைக்கிற சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அஞ்சலாட்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு மீனு வேணாம் தனக்கொடி."

"மீனு கெடக்கட்டும்மா. கதவு?"

"அவருக்குத் தெரிஞ்சிபோச்சு. எல்லாரும் கேக்குறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"உங்க வூட்ல யாரும் அங்க போறதில்லியா? போயிட்டு வந்த கையாலதானே கொழம்பு வக்கிறீங்க? நான் உங்க சோப்புலதாம்மா கழுவுனேன்."

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அஞ்சலாட்சியின் முகம் சிவந்தது. "வாய அடக்குடி" என்றாள். குரலில் கோபம் குறைவாகத்தான் இருந்தது.

தனக்கொடிக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. மெல்லக் குந்திக் கூடையை வாசற்படியில் இறக்கினாள்.

"பாத்துக்குங்க. வரேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலை நோக்கி நடந்தாள். ஓடக் கூடாது; ஓடினால் துருத்தும். தெருக்கள் நீண்டுகொண்டே போயின. கரைக்கு வந்தபோது கரை முழுக்க ஆண்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டுமரத்தின் ஓரமாக நின்றாள். "இன்னா தனக்கொடி, கூடை எங்க?" என்று ஒருவன் கேட்டான். நின்று நின்று பார்த்தாள். வந்தது அடங்கிப்போயிற்று. வயிறு மறுபடி கல்லாகிவிட்டது.

திரும்பி வந்தாள். கூடைமேல் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. அது அவளுடைய சாக்கு இல்லை. கூரைமேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் கீழே இறங்கவில்லை. விளக்குமாறு ஒன்று படியோரம் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது.

தனியாகத் தூக்கலாம். தூக்கினால் குடல் வெளியே வரும். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரு கை குடுங்கம்மா" என்றாள்.

தாழ்ப்பாள் விலகியது. அஞ்சலாட்சி தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, கூடையின் விளிம்பைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். தனக்கொடி அவள் முகத்தைப் பார்த்தாள். அஞ்சலாட்சி கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் மறுபடி தாழிட்டாள்.

தனக்கொடி நடந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தெருமுனைக் குழாயில் யாரும் இல்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நிற்காமல் அதைக் கடந்து போனாள்.