எட்டாம் நம்பர் செருப்பு

பதுளை பஜாரில் இருபத்தெட்டு வருடமாகச் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு முகம் மறந்தாலும் கால் மறக்காது. அந்தப் பெருமைதான் இப்போது உறுத்தலாக இருக்கிறது.

ஜெயலெட்சுமி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். தீபாவளிக்குத் தீபாவளி என்னிடம்தான் செருப்பு வாங்குவாள். முதலில் ஐந்தாம் நம்பர். மறுவருடம் ஆறு. அதற்கடுத்து ஏழு. "நாப்பது வயசிலயும் வளர்ற புள்ள நீ" என்று கேலி பண்ணி அனுப்பினேன்.

இந்த வருடம் எட்டாம் நம்பர் வாங்கினாள்; அதுவே இறுக்கியது. கால்விரல் மிஞ்சியை அறுத்து எடுத்திருந்தாள். காலில் வீக்கமில்லை; விரல்கள் எலும்போடு தடித்திருந்தன. கேட்டதும் அழுதுவிட்டாள்.

"சீனி வருத்தம் புஹாரி நானா. மாத்திரை போட்டும் எறங்க மாட்டேங்குது. வாயக் கட்டாம திருட்டுத்தனமா திங்கிறேன்னு கிளினிக்ல மாசாமாசம் ஏசுறாங்க. சீனியில்லாத பிளேன்டீதான் குடிக்கிறேன். எம்புருசனே நம்பாம சீனி டப்பாவப் பூட்டி வச்சிருக்காரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பழைய செருப்பெல்லாம் எங்க?"

"மகளுக போட்டுக்கிட்டுத் திரியிறாளுக."

"அடுத்த கிளினிக்குக்கு எல்லாத்தையும் கொண்டு வா. நானும் வாறேன்."

கிளினிக்கில் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே தாதி ஏசத் தொடங்கினாள். நான் நான்கு சோடியையும் டொக்டரின் மேசையில் வரிசையாக வைத்தேன்.

"நாலும் இவட செருப்பு. நாலு வருசத்தில வாங்கினது. சீனி தின்னா காலு வளருமா டொக்டர்?"

டொக்டர் அம்மா அன்றுதான் ரிப்போர்ட்டை விட்டு ஆளைப் பார்த்தார். கையை விரிக்கச் சொன்னார், பல் இடைவெளியைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

"மூளைக்குக் கீழ உள்ள சுரப்பி வளர்ச்சி ஹோர்மோனைக் கூடுதலா விடுது போல. அது இன்சுலினை வேலை செய்ய விடாது. கணையமும் சுரந்து சுரந்து களைச்சிடும். அதுதான் சீனி ஏறுது. இரத்தமும் தலை ஸ்கேனும் பார்க்கணும். இது சாப்பாட்டால வந்ததா இருக்காது."

நோயின் பெயரைக்கூட ஜெயலெட்சுமி கேட்கவில்லை.

"நான் திருடித் திங்கலன்னு ஒரு துண்டுல எழுதித் தாங்கம்மா. எம்புருசனுக்குக் காட்டணும்."

டொக்டர் எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார்: "இவ்வளவு நாளா கால் பெருசாகிறத ஒருத்தரும் கவனிக்கலையா?"

"நானாதான் கவனிச்சாரு" என்றாள், நன்றியோடு.

கவனித்தேன்தான். ஒவ்வொரு முறையும் ஒரு நம்பர் கூட்டிக் கொடுத்தேன்.