புதுக் காரில் அறுகரிசி

கலியாணத்துக்கு முன் நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. சோமசேகரம், மலாயாவில் ரயில்வே கிளாக்கர், நாற்பது வயது, இதுவரை கலியாணம் செய்யாதவர் என்று தரகர் சொன்னார். ஐயா தலையாட்டினார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்பார்கள். எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

மூன்றாம் மாதம் அவருடைய தகரப்பெட்டியைத் துடைத்தபோது அடியில் ஒரு படம் கிடந்தது. அவரும் ஒரு பெண்ணும் மாலையோடு நிற்கிறார்கள். அவளுக்கு என்னைவிடச் சின்ன முகம். படத்தின் பின்னால் அவர் கையெழுத்தில் 'மறைவு' என்று ஒரு திகதி மட்டும் இருந்தது. பேர் இல்லை. இருந்தபடியே திருப்பி வைத்தேன். ஒன்பது வருடம் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

அதனால்தான், பென்சனோடு எங்கள் ஊரான பண்டத்தரிப்புக்குத் திரும்பி வந்து, புதுக் கார் ஒன்று வாங்கப்போகிறேன் என்று அவர் தொடங்கியபோது நான் குறுக்கே நின்றேன். மாப்பிள்ளையைத்தான் பாராமல் எடுத்தேன், காரையாவது பார்த்து எடுக்கிறேன் என்றேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

எங்கள் ஊர் பஸ்ஸை ஓட்டுகிற சிமியோனிடம் போய்க் கேட்டேன். ஓடின தூரம் காட்டுகிற மீற்றரை நம்ப வேண்டாம், அதைப் பின்னுக்குத் திருப்பலாம் என்றான். மிதிகட்டையின் ரப்பரையும் நம்ப வேண்டாம், மாற்றிப் போடுவார்கள். கழுவுகிற கை போகாத இடங்களைத்தான் பார்க்க வேண்டும் என்றான்.

பங்குனி மாதம். பட்டணத்துக் கடையில் வெயில் கண்ணாடி வழியாக இறங்கிச் சீமெந்து நிலத்தில் படுத்திருந்தது. நடுவில் அவர் சொல்லிவைத்த கறுப்புக் கார். அதன் கதவிலே தெருவும் மாட்டு வண்டிகளும் சத்தமில்லாமல் மிதந்து போயின. அவற்றுக்கு நடுவே என் முகமும் தெரிந்தது, கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் வடிவாக.

முதலாளி கதவைத் திறந்துவிட்டார். கப்பலால் இறங்கிப் போன கிழமைதான் ரயில் கோச்சியில் ஏறி வந்தது, கடை வாசலைத் தாண்டவில்லை என்றார். நான் பின் இருக்கையில் ஏறி இருந்தேன். தோல் மணத்தது. கண்ணை மூடினேன்.

கார் தானாகவே புறப்பட்டது. பனை வடலிகள் விலகி வழிவிட்டன. பொன்னாலைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல், கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளி. கரை வரவேயில்லை, எனக்கு வரவும் வேண்டாம். இந்த இருக்கையில் எனக்கு முன்னால் ஒருத்தியும் இருந்ததில்லை. அந்த நினைப்பு நெஞ்சுக்குள் இனித்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் காரை ஆசைப்பட்டேன். அது புதுசாகவே இருக்கட்டும் என்று நல்லூரானை வேண்டினேன்.

ஆனாலும் இறங்கினேன். சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டின் உட்பக்கம், மேல் மடிப்புக்குள், லேஞ்சித் துணியைச் சுற்றிய விரலை விட்டேன். சிவப்பாய் வந்தது. பட்டணத்தில் ஏது செம்மண்? கோச்சித் தூசியாக இருக்கும் என்றார் முதலாளி. தூசிதானே, விடும் என்றார் இவரும். அவருடைய கை காரின் முன்பக்கத்தைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தது.

திரும்ப ஏறினேன். இருக்கைக்கும் முதுகுச் சாய்வுக்கும் இடையிலுள்ள இடுக்கில் விரலை ஆழமாக விட்டுத் துழாவினேன். ஏதோ நெருடியது. எடுத்துப் பார்த்தால் ஒரு மணி அரிசி, மஞ்சள் பூசியது. அதோடு காய்ந்த அறுகம்புல் துண்டு ஒன்று.

அறுகரிசி. தாலி ஏறிய பின் பெரியவர்கள் வாழ்த்தித் தலையில் இடுவது. என் கலியாணம் முடிந்து இரண்டு நாளாக அது என் கூந்தலுக்குள் இருந்து உதிர்ந்தபடி இருந்தது. இங்கேயும் ஒருத்தி இருந்திருக்கிறாள். தலையைக் குனிந்தபடி, பக்கத்தில் இருந்தவனைப் பார்க்க வெட்கப்பட்டு இருந்திருப்பாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரக்கம்தான் வந்தது.

உள்ளங்கையில் வைத்து முதலாளிக்கு நீட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், ஒரு மணி அரிசியை மறந்துவிட்டார். வேண்டிய ஆட்கள் கேட்டார்களாம், மறுக்க முடியவில்லையாம், உடுவிலில் ஒரு கலியாணமாம்.

"ஒரே ஒரு நாள்தான் அம்மா. கழுவித் துடைச்சாப் பிறகு புதுசுதானே."

நான் அவரைப் பார்க்கவில்லை. காருக்கு அந்தப் பக்கம் நின்ற என் மனிசனைத்தான் பார்த்தேன்.

"ஒரு நாளோ ஒரு வருசமோ, எனக்கு அது பெரிசில்லை. முதலே சொல்லியிருந்தால் நான் ஓம் எண்டிருப்பன்."

அவருடைய கை காரிலிருந்து மெல்ல விலகியது. முதலாளி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

திரும்பிப் போகிற பஸ்ஸைச் சிமியோன்தான் ஓட்டினான். ஆனைக்கோட்டை போனது, மானிப்பாய் போனது. மரப்பலகை இருக்கை ஆடியது. சணல் பூத்த தோட்டங்கள் மஞ்சளாக எங்களோடு கூடவே ஓடிவந்தன. நான் கையைப் பொத்தியபடியே இருந்தேன்.

சண்டிலிப்பாய் தாண்டியதும் அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். அந்த அரிசி மணியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூக்கு நுனி சிவந்திருந்தது.

"அவவின்ரை பேர் பாலேஸ்வரி" என்றார்.

"ஓம்" என்றேன்.