திரைக்குப் பக்கத்தில் நின்ற பங்காளி

ஊமைப்படத்துக்கு வாய், தம்பிதான். திரையோரம் கோலும் கையுமாக நின்று, ஓடுகிற கதையைச் சனங்களுக்கு உரக்கச் சொல்வது அவன் வேலை. கொட்டகை அப்பா கட்டியது. அவர் கண்ணை மூடியதும், "எல்லாம் எனக்குன்னு உயில் இருக்கு" என்று அண்ணன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டான். அந்த உயிலை ஓர் ஈ கூடப் பார்த்ததில்லை. தம்பி சொந்தக் கொட்டகையிலேயே கூலிக்காரனானான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். இப்போது வந்திருந்த படம்தான் வயிற்றெரிச்சல். அதில் மூத்தவன் உத்தமன். இளையவன் அப்பாவின் உயிலைத் திருடும் அயோக்கியன். அதைத் தினமும் தம்பி தன் வாயாலேயே சொல்ல வேண்டும். மாடியில் அண்ணன் மாமனார் வீட்டாரோடு உட்கார்ந்து கைதட்டுவான்.

அன்று மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படம் அண்ணனுடையது. வாய் யாருடையது?

திரையில் மூத்தவன், சாகக் கிடந்த அப்பாக் கிழவரின் நெஞ்சில் முகம் புதைத்து அழுதான்.

"மூச்சு நின்னுடுச்சான்னு காது வச்சுப் பாக்கறான், பாவி!" என்றான் தம்பி.

கிழவர் நடுங்கும் கையை மூத்தவன் தலையில் வைத்தார்.

"அறையப் பாக்கறாரு. தெம்பு இல்ல."

இளையவன் பெட்டியைத் திறந்து உயிலை எடுத்தான்.

"அண்ணன்காரன் கொளுத்தறதுக்குள்ள காப்பாத்தறான்யா!"

முன்வரிசைத் தையல்காரர் செருப்பைக் கழற்றி வீசினார். அது பட்டு மூத்தவனின் மீசை ஒரு பக்கம் கோணியது. அப்புறம் அந்தப் படம் போன ஊரிலெல்லாம் மீசை கோணல்தான்.

"பொய்! அப்பா என்னைத்தான்டா ஆசீர்வாதம் பண்ணாரு!" அண்ணன் மாடியிலிருந்து கத்தினான்.

கொட்டகை மொத்தமும் திரும்பியது. "யோவ், நீ யாரு?"

"நான்தான்டா மூத்தவன்!"

"அகப்பட்டான்!" என்றார் தையல்காரர். "உயில் எங்கய்யா?"

"வீட்டுல இருக்கு."

"போய் எடுத்துட்டு வா. உங்க ஆளுங்க இங்கயே இருக்கட்டும்."

அண்ணன் போனான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் வெறுங்கையோடு வந்தான்.

"எலி தின்னுடுச்சு."

"அந்த எலியையாவது கொண்டு வா!"

அண்ணன் தம்பியிடம் பல்லைக் கடித்தான். "குடும்ப விஷயத்தைச் சந்தி சிரிக்க வச்சிட்டியேடா!"

"கதை சொல்லத்தானே கூலி குடுக்கறண்ணே?"

மாடியிலிருந்து மாமனாரின் குரல் ஈனமாக வந்தது. "மாப்ள, பாதியை எழுதிக் குடுத்துடுங்க. பசிக்குது."

"ஒரு நாளுக்கேவா?" தம்பி நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு அப்பா போனதுலேருந்து பசிக்குதுங்க."

அண்ணன் சட்டைப்பையில் பேனாவைத் தேட ஆரம்பித்தான்.