கூரையில் ஒரு மடிப்பு

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அடி விழுந்தது. பதினொன்றரைக்கெல்லாம் டிங்கர் தன் பட்டறையில் அந்த அடியை நிமிர்த்திக்கொண்டிருந்தான். பிறகு வந்த வினையெல்லாம் அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் விதைத்ததுதான்.

ஒடுங்கிய கார்களை நிமிர்த்துவது அவன் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அவனை எல்லாரும் டிங்கர் என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருக்கும் அவன் பெண்டாட்டியைக்கூட அங்கே ‘டிங்கர் வீட்டம்மா’ என்றுதான் சொல்வார்கள். அவளுக்கு அது பிடிக்காது. அவனுக்கு அதில் உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு.

உதிரிபாகக் கடையிலிருந்து யாரோ ஒருவருடைய காருக்கு ஹெட்லைட் வாங்கிக்கொண்டு வந்தான். தன்னுடைய பழைய நீலக் கார். இரண்டு தெரு தூரம்தானே என்று பெல்ட் போடவில்லை. நாற்சந்தியில் அவனுக்குப் பச்சை விழுந்தது. வலப்பக்கத்திலிருந்து சிவப்பை மதிக்காமல் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து முன்மூலையில் மோதியது. ஸ்டியரிங்கின் கீழ்வளைவு அவன் இடது விலாவுக்கு அடியில் இறங்கியது. நாலைந்து நொடி மூச்சே இல்லை. மூச்சு திரும்பியதும் முதல் வேலையாகப் பக்கத்து சீட்டில் இருந்த ஹெட்லைட் உடைந்திருக்கிறதா என்று பார்த்தான். உடையவில்லை.

சாம்பல் கார்க்காரர் இறங்கி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான குரல்.

“சார், அடி ஏதாவது பட்டுச்சா?”

“ஒண்ணும் இல்ல.”

“நிஜமாவே ஒண்ணும் இல்லையே?”

“இல்லைங்கறேன்ல. உங்க வண்டிக்கு ரெண்டு நாள் வேலை இருக்கு. என்னோடது ஒரு நாள்ல முடிஞ்சிடும்.”

அவர் சிரித்தார். டிங்கரும் சிரித்தான். சிரிக்கும்போதே அவர் போனைத் தூக்கி அவனை ஒரு படம் எடுத்தார். மோதிய இடத்தை எடுக்கவில்லை, அவனைத்தான் எடுத்தார்.

“எதுக்கு சார் இது?”

“நல்லா நிக்கிறீங்க. அதான்.”

அந்தப் பதில் அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். முன்மூலை ஒடுங்கிய காரோடு தெருவில் நின்றுகொண்டிருப்பதுதான் அவனுக்கு அவமானமாக இருந்தது. தெரிந்தவன் எவனாவது பார்த்தால், ‘டிங்கர் வண்டிக்கே டிங்கரிங்கா?’ என்று வருஷம் முழுக்க ஓட்டுவான்.

பட்டறையில் அவன் பெண்டாட்டியின் தம்பி இருந்தான். பெயிண்ட் அடிப்பது அவன் வேலை. ஒல்லியானவன், எப்போதும் ஏதாவது ஒரு கலரில் முழங்கை நனைந்திருக்கும். சும்மா நிற்க மட்டும் தெரியாதவன்.

“என்ன மாமா, சொந்தக் காசுலயே தொழில் பண்றீங்களா?”

“வாயை மூடிட்டு ஜாக்கியைக் கொண்டா மாப்ள.”

டிங்கர் முதலில் பம்பரைக் கழற்றினான். பிறகு ஸ்டியரிங்கைக் கழற்றி மேஜையின் இரும்பு இடுக்கியில் மாட்டினான். வட்டம் மூன்று விரல் அளவுக்கு உள்வாங்கியிருந்தது. குழாயைக் கொடுத்து நெம்பி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுற்றித் தடவிப் பார்த்து, மறுபடி நெம்பி வட்டத்துக்குக் கொண்டுவந்தான். நெம்பும்போது விலாவுக்கு அடியில் யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல இருந்தது. பழைய ஸ்டியரிங், திரும்ப மாட்டக்கூடாதது. ஊரான் காராக இருந்தால் மாட்டியிருக்க மாட்டான்.

மதியம் சாப்பாட்டோடு பெண்டாட்டி வந்தாள். நிலைமையைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?”

“இல்ல.”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“இல்ல.”

“போட்டோவாவது எடுத்தீங்களா?”

“அவரு எடுத்தாரு.”

“யாரு, இடிச்சவரா?” அவள் டப்பாவை மேஜைமேல் வைத்த சத்தத்தில் பெயிண்டர் திரும்பிப் பார்த்தான். “என்னங்க நீங்க? நாளைக்கு உடம்புக்கு ஏதாவது வந்தா, இதனாலதான் வந்துச்சுன்னு எதை வச்சுச் சொல்லுவீங்க? எங்க ஆபீஸ்ல பேப்பர்ல இல்லாத புள்ளை கிளாஸ்ல உக்காந்திருந்தாலும் இல்லைன்னுதான் அர்த்தம்.”

“வண்டி இருக்குல்ல, அதை வச்சுச் சொல்றேன்.” அவன் சுத்தியலால் காட்டினான். அவள் பார்த்தாள். பம்பர் நேராக இருந்தது.

சனிக்கிழமை தோள் வலி தொடங்கியது, இடது தோளின் நுனியில். அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது, சுத்தியல் பிடிப்பது வலது கை. வண்டிக்கு அடியில் சக்கரப் பலகையில் படுத்தால் வலி கூர்மையாக ஏறும். எழுந்து உட்கார்ந்தால் விட்டுக்கொடுக்கும்.

“வயசாயிடுச்சு மாமா, ஒத்துக்கோங்க,” என்றான் பெயிண்டர்.

“உன் வயசுல நான் எஞ்சினைத் தனியா இறக்கினவன்.”

“அந்த எஞ்சின் இப்ப திரும்பக் கேக்குது போல.”

மதியம் இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிட்டது. அவன் அண்டா போலச் சாப்பிடுகிறவன். மிச்சத்தைப் பெயிண்டர் சாப்பிட்டான், கேள்வி எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தான் டிங்கர். எவ்வளவு குடித்தாலும் நாக்கு அட்டை போலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் படுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவள் எதிரே நின்று முகத்தைப் பார்த்தாள்.

“உதடெல்லாம் வெளுத்துக் கிடக்கு. எழுந்திருங்க, போய்க் காட்டிட்டு வந்துடலாம்.”

“திங்கக்கிழமை டெலிவரி இருக்கு. செவ்வாக்கிழமை போலாம்.”

“வண்டி காத்திருக்கும்.”

“வண்டிக்காரன் காத்திருக்க மாட்டான்.”

அவள் ஒரு தாளை எடுத்து நாள், நேரம், இடம், சாம்பல் கார், சிவப்பு விளக்கு, இடது விலா என்று அவன் சொன்னதையெல்லாம் எழுதிப் பீரோவில் வைத்தாள். எழுதி முடிக்கும்வரை அவனை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுதிருப்பாளோ அடித்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

திங்கட்கிழமை காலை சாம்பல் கார்க்காரர் பட்டறைக்கு வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு தாள்.

“உடம்பு எப்படி சார் இருக்கு? ரெண்டு நாளா உங்க நினைப்புதான்.”

“இருக்கு,” என்றான் டிங்கர். நின்றுகொண்டிருக்கக் கஷ்டமாக இருந்தது. அவர் எதிரே உட்காரவும் மனமில்லை.

அவர் நீலக் காரைச் சுற்றி வந்தார். முன்மூலையில் நின்றார், குனிந்தார், ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பெயிண்ட் காய்ந்து பளபளத்தது. உள்ளே எட்டி ஸ்டியரிங்கைப் பார்த்தார். போனை எடுத்து நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து சொன்னார்.

“அடிபட்ட மாதிரியே தெரியல சார்.”

இருபத்திரண்டு வருஷத்தில் டிங்கருக்குக் கிடைக்கக்கூடிய பாராட்டிலேயே பெரிய பாராட்டு அதுதான். காசை எண்ணிக் கொடுக்கிறவன்கூட அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டான். வலியோடு வலியாக அவன் முகம் மலர்ந்தது.

“கை வேலை சார். மிஷின்ல இது வராது.”

“தெரியுது, தெரியுது. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. வண்டி லேசா உரசிச்சு, உங்களுக்குக் காயம் எதுவும் இல்ல, அவ்வளவுதான். நீங்களே சொன்னதுதானே?”

பெயிண்டர் வண்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். “மாமா, அக்காகிட்ட ஒரு வார்த்தை...”

“என் வேலையை நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையைப் பாரு.”

கையெழுத்துப் போட்டான். அவர் தாளை உறைக்குள் வைத்து, உறையைச் சட்டைக்குள் வைத்து, கைகுலுக்கிவிட்டுப் போனார். அவர் கை காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. தன் கை ஜில்லென்று வியர்த்திருப்பது அப்போதுதான் டிங்கருக்குத் தெரிந்தது.

கார் தெருமுனை திரும்பியிருக்காது. பெயிண்டர் கூப்பிட்டான்.

“மாமா, இங்க வாங்க. வண்டிக் கூரையில ஒரு மடிப்பு இருக்கு.”

கூரையின் பின்பக்கம், இடதுமூலை. கண்ணுக்குத் தெரியாது. டிங்கர் கண்ணை மூடி உள்ளங்கையை வைத்துத் தடவினான். இருந்தது. தண்ணீரில் கல் விழுந்தால் கடைசியாகக் கரையைத் தொடும் அலை போல, மெல்லிசாக ஒரு சுருக்கம்.

“இடிச்சது முன்னாடி வலப்பக்கம். இது எப்படி மாமா இங்க?”

வாடிக்கைக்காரர்களுக்கு ஆயிரம் தடவை சொன்ன பாடம். வாய் தன்னால் பேசியது.

“அடி விழுந்த இடத்துலயே நிக்காது மாப்ள. தகரத்துக்குள்ளயே ஓடும். தூண்ல ஏறும், குறுக்குச் சட்டத்துல திரும்பும், எங்க பலமில்லையோ அங்க போய் வெளியே வரும். அதனாலதான் நான் எப்பவும் முதல்ல எதிர்மூலையைப் பார்ப்பேன். இந்தத் தடவை பாக்கல. இங்க பாரு, இப்படி...”

வழியைக் காட்ட இடது கையைத் தூக்கினான். தோள் நுனியில் கத்தி இறங்கியது. கை பாதியில் நின்றது. வாயும் நின்றது.

அடி பட்டது விலாவில். வலிப்பது தோளில்.

கையை மெல்ல இறக்கி விலாவுக்குக் கீழே வைத்தான். வயிறு பலகை போல விறைத்திருந்தது. மூன்று நாளாக அவன் அந்த இடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஊரார் வண்டியையெல்லாம் கண்ணை மூடித் தடவிப் பார்க்கிற கை.

“மாப்ள, அக்காவைக் கூப்பிடு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ஆம்புலன்ஸை முதல்ல கூப்பிடு.”

“மாமா, விளையாடாதீங்க.”

டிங்கர் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகும் தரை கீழே போய்க்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். அவன் கைக் காய்ப்பைப் பார்த்து, “தசைப்பிடிப்பா இருக்கும்,” என்று எழுதப் போனாள். அவள் கண் எதிரே மூன்று விரலைச் சேர்த்து நீட்டினான் டிங்கர்.

“ஸ்டியரிங் இவ்வளவு வளைஞ்சிருந்துச்சு டாக்டர்.”

“எப்போ?”

“வெள்ளிக்கிழமை.”

பேனா நின்றது. கூரையை அவன் தடவியது போலவே அவன் வயிற்றை உள்ளங்கையால் தடவினாள், கண் எங்கோ பார்த்தபடி. இடது விலாவுக்குக் கீழே வந்ததும் அவள் முகம் மாறியது.

“ஸ்கேனுக்கு எடுங்க. நடக்க விடாதீங்க. உக்காரக்கூட விடாதீங்க.”

மண்ணீரல் கிழிந்திருந்தது. மேலுறை மூன்று நாளாக ரத்தத்தைப் பிடித்து வைத்திருந்து அன்று காலை விட்டுவிட்டது. கசிந்த ரத்தம் மேலே போய்த் தொட்ட நரம்புதான் தோளில் வலித்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால், என்று டாக்டர் ஆரம்பித்தாள். அவன் பெண்டாட்டி கையைக் காட்டி நிறுத்தினாள். “பேப்பர் எங்க? கையெழுத்து நான் போடறேன்.” நடுங்காமல் போட்டாள்.

மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். பிழைத்தான். ஆறு மாதம் சுத்தியலைத் தொடக்கூடாது என்றார்கள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் மதியம் போலீஸ்காரர் ஒருவர் வார்டுக்கு வந்து கட்டில் ஓரம் நின்று குறிப்பெடுத்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. களைத்த மனிதர்.

“அந்தச் சாம்பல் கார்க்காரர் கொடுத்திருக்கற பேப்பர்ல லேசா உரசினதாத்தான் இருக்கு. கீழே உங்க கையெழுத்து. அன்னிக்கே நீங்க நின்னு சிரிக்கற படம் ஒண்ணு. வயித்துல பட்ட அடி பட்டறையில ஏதாவது விழுந்து பட்டிருக்கலாம்னு சொல்றாரு.”

“அவரு சிவப்புல வந்தாரு சார்.”

“இருக்கட்டும். எவ்வளவு வேகம், எந்தப் பக்கம், எதை வச்சுச் சொல்றது? உங்க வீட்டம்மா எழுதி வச்சதைப் பார்த்தேன், அது நீங்க சொன்னது. வண்டியையும் பார்த்துட்டுத்தான் வர்றேன். பம்பர் நேரா இருக்கு, ஸ்டியரிங் ரவுண்டா இருக்கு.” அவர் தலையை ஆட்டினார். “நல்ல கைதான் உங்களுக்கு. அடிபட்ட மாதிரியே தெரியல.”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

டிங்கர் கண்ணை மூடினான். பிறகு திறந்தான். தையல் இழுக்க இழுக்க, மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தான்.

“சார், கூரையைப் பார்த்தீங்களா? பின்னாடி இடதுமூலை. கண்ணால பார்த்தா தெரியாது, கையை வைக்கணும். லேசா உரசின வண்டியில அது வராது. எந்தப் பக்கத்துல இருந்து எவ்வளவு பலமா வந்துச்சுன்னு அது சொல்லும். எந்த இன்ஸ்பெக்டரை வேணா கூட்டிட்டு வந்து காட்டுங்க.” கால்மாட்டில் நின்ற மைத்துனனைப் பார்த்தான். “மாப்ள, சார் கூடப் போய்க் காட்டு. அதுவரைக்கும் அந்தக் கூரையை எவனும் தொடக்கூடாது. அப்படியே கிடக்கட்டும்.”

பெயிண்டர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“மாப்ள.”

“நீங்க உள்ள இருந்தீங்க மாமா,” என்றான் அவன். “பிழைப்பீங்களான்னு யாரும் சொல்லல. எனக்குச் சும்மா நிக்க வரல. நீங்க வெளியே வரும்போது வண்டி முழுசா இருக்கட்டும்னு...”

கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அதற்குள் டிங்கர் பார்த்துவிட்டான். நகக்கண் எல்லாம் வெள்ளையாக, தகரத்து மடிப்பை மூடப் பூசும் பட்டி.