மைக்கக்கா பேசும் நேரம்

மைக்கக்கா கண்ணால் பேசத் தொடங்கிய அன்று, அந்தத் தெருவில் பெய்துகொண்டிருந்த மழை கூரைக்கும் தரைக்கும் நடுவே பதினோரு நிமிடம் அப்படியே நின்றது. பக்கத்துத் தெருக் கடிகாரங்களோடு ஒப்பிட்டபோதுதான் கணக்கு தெரிந்தது. இந்தத் தெருவில் கடிகாரங்களும் நின்றிருந்தன. அவள் கணவர், தெருமுனைப் பேருந்து நிலையத்தின் டைம்கீப்பர், தூக்கிய தம்ளரோடு கட்டில் பக்கத்தில் நின்றார். அவரால் பார்க்க முடிந்தது, யோசிக்க முடிந்தது. அசையவும் பேசவும் முடியவில்லை. அதே நிலையத்தில் இருபது வருடம் மைக்கில் அறிவிப்புச் சொன்னவள் அவள். நரம்பு நோய் முதலில் நாக்கை எடுத்துக்கொண்டது, பிறகு கைகளை, பிறகு கழுத்தை. பேச்சு குழறிய நாட்களில் அவள் தொடங்கிய எதையும் அவரே முடித்துவைத்தார். வண்டியை நேரத்துக்குக் கிளப்பிப் பழகிய மனிதர். அவள் ஜன்னலைப் பார்த்து முனகினால், குளிர்கிறது போலும் என்று சாத்திவிடுவார். கடைசியில் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் வந்து கட்டிலுக்கு முன்னால் ஒரு திரையைப் பொருத்தினாள். எழுத்தை உற்றுப் பார்த்தால் அது பதியும், முடித்துவிட்டுப் ‘பேசு’ கட்டத்தைப் பார்த்தால் இயந்திரம் படிக்கும் என்றாள். நிலையத்துப் பழைய ஒலிநாடாக்களிலிருந்து குரலையும் எடுத்து வைத்திருந்தார்கள். பதினோராவது நிமிடத்தில், பிளாட்பாரம் முழுக்கத் தெரிந்த அந்தக் குரல் சொன்னது: “டைம்கீப்பரே, ஜன்னலத் தொறங்க. மூணு மாசமா சொல்றேன்.” நின்ற மழை மொத்தமாக விழுந்தது.

அதன்பின் அவள் முதல் எழுத்தைப் பார்த்ததும் தெரு நிற்கும். பேசி முடித்ததும் நகரும். பால் பொங்க வந்து விளிம்பில் காத்திருக்கும். பேருந்துகள் நிலைய வாசலில் ஒரு சக்கரம் தூக்கியபடி நிற்கும். நகர்ந்த பிறகு ஓட்டுநர்கள், “அக்கா இன்னிக்கி லாங் டிரிப் போயிட்டாங்க போல” என்று சொல்லிக்கொண்டு கியரைப் போடுவார்கள். டைம்கீப்பர் பொய் எழுதுகிறவரல்ல. நிலையப் பதிவேட்டில் தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில் ‘என் மனைவி பேசிக்கொண்டிருந்தாள்’ என்று எழுதினார். விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வந்த தலைமை அலுவலக அதிகாரி, உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் டீ கிளாஸோடு ஒன்பது நிமிடம் நின்றார். ஆவிகூட அசையவில்லை. முடிந்ததும் டீயைக் குடித்தார், சூடு ஆறவில்லை என்று பாராட்டினார், மெமோவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டாம் வருடம் மூச்சு சுருங்கியது. தொண்டையில் துளை போட்டு இயந்திரம் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கலாம், இல்லாவிட்டால் சில வாரங்கள் என்றார் டாக்டர். பதிலை எழுதிக்கொள்ள ஒரு காலையில் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். டைம்கீப்பர் அவளிடம் கேட்கவில்லை. சளி உறிஞ்சும்போது அவள் கண்ணில் வழிவதைப் பார்த்துப் பார்த்து, அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

“அவளுக்கு வேணாம் டாக்டர். பட்டது போதும்னுதான் அவளே...” என்று தொடங்கினார். அந்த இடத்தில் தெரு நின்றது.

டாக்டரின் பேனா முனை படிவத்தில் ஊன்றி நின்றது. திறந்த ஜன்னலில் திரைச்சீலை காற்றை வாங்கி உப்பியபடி நின்றது. வெளியே பறந்துகொண்டிருந்த காகம் இறக்கையை விரித்தபடி தொங்கியது. அறையில் ஏறி இறங்கியது அவள் நெஞ்சு ஒன்றுதான். திரையில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பெரிய கட்டங்கள் இருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. எழுத்துகளுக்குப் போனாள். முதலில் ‘போ’ விழுந்தது. போதும் என்கிறாள் என்று டைம்கீப்பர் மனதுக்குள் முடித்துவைத்தார். திறந்த வாயோடு அழ முடியாமல் நின்றார். அடுத்த எழுத்து வேறாக வந்தது. அதற்கடுத்ததும் அவர் நினைத்ததல்ல. முப்பது வருடக் குடித்தனத்தில் முதல் முறையாக, அவள் என்ன சொல்வாள் என்று தெரியாமல் அவர் காத்திருந்தார். இருபத்தாறு நிமிடம்.

“போடுங்க டாக்டர்,” என்றது மைக்குக் குரல். “டைம்கீப்பரே, நான் இன்னும் முடிக்கல.”

காகம் பறந்து போனது. திரைச்சீலை தணிந்தது. பாதியில் நின்ற தன் வாக்கியத்தை டைம்கீப்பர் விழுங்கிவிட்டார். அது பிறகு வெளியே வரவே இல்லை.

ஏழு வருடமாக அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். நிலையத்தின் புதிய பதிவேடுகளில் வருகை, புறப்பாடு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ‘பேச்சு’ என்று ஒரு கட்டம் அச்சிட்டே வருகிறது. நேற்று அதில் நாற்பது நிமிடம் என்று எழுதியிருந்தது. யாரும் காரணம் கேட்கவில்லை.