ஆணியில் தொங்கிய டோக்கன்

துவைக்கப் போட்ட கணவனின் பேன்ட் பையிலிருந்து பர்வின் ஒரு வளையத்தை எடுத்தாள். "இது என்ன மச்சான், சாவியே இல்லாத சாவிக்கொத்து?"

அஸார் சிரித்தான். அவன் அதிராம்பட்டினம் வந்து இரண்டாவது நாள். கிளம்புகிற அவசரத்தில் ஒப்படைக்க மறந்திருக்கிறான். வளையத்தில் கோத்திருந்த பித்தளை டோக்கன்களை விரலால் தள்ளிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. மறுபடி தள்ளினான். ஐந்து.

"ஆறு இருக்கணும்."

"எங்கயாவது விழுந்திருக்கும்."

"விழாது. இது திருகு வளையம்."

அவனுக்கு வேலை ஓர் அரபு நாட்டு விமானப்படைத் தளத்தில், ஒப்பந்த மெக்கானிக்காக. அங்கே கருவி அறைச் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி உண்டு. கருவியை எடுக்கிறவன் அந்த ஆணியில் தன் டோக்கனை மாட்ட வேண்டும். திருப்பி வைத்ததும் டோக்கனைக் கழற்றி வளையத்தில் கோத்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற ஏற்பாடு. வளையத்தில் ஐந்து இருந்தால் ஆறாவது சுவரில் தொங்குகிறது. ஒரு கருவி அறைக்குத் திரும்பவில்லை.

எது என்று கண்டுபிடிக்க அவனுக்கு நேரம் பிடிக்கவில்லை. வியாழன் மாலை ஏழாம் எண் விமானத்தின் உள்தரையைத் திறந்து பார்த்தான். அதற்கு எடுத்த கண்ணாடி. பல் டாக்டர் வாய்க்குள் விடுவாரே, அதுபோல நீளக் காம்பும் நுனியில் வட்டக் கண்ணாடியும். பார்த்து முடித்து மூடியைப் போட்டது, எட்டுத் திருகுகளை முடுக்கியது எல்லாம் நினைவிருந்தது. கண்ணாடியோடு நடந்து வந்தது மட்டும் நினைவில் இல்லை.

அந்த விமானம் பெரிதல்ல. ஒரே எஞ்சின். உள்ளே டர்பைன் சுழல, அது மூக்கிலுள்ள காற்றாடியைச் சுழற்றும். கண்ணாடிக் கூண்டுக்குள் முன்னால் மாணவன், பின்னால் பயிற்சியாளர். அதிலேயே பறக்கவும் கற்றுக்கொடுப்பார்கள். இறக்கைக்கு அடியில் ராக்கெட் மாட்டித் தாக்கவும் கற்றுக்கொடுப்பார்கள். தாக்குவதற்கு விமானம் தரையைப் பார்த்துத் தலைகுப்புறப் பாயும். சுட்ட உடனே ஓட்டுபவர் கைத்தடியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இழுத்தால் இருக்கைகளுக்கு அடியில் போகும் தண்டுகள் நகர்ந்து, வாலிலுள்ள தகட்டை மேலே தூக்கும், மூக்கு நிமிரும். அந்தத் தண்டின் மூட்டில் விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. அங்கே கண்ணாடிக் காம்பு சிக்கினால் தடி பாதியில் நின்றுவிடும். எதிரே ஏறி வரும் தரை நிற்காது.

வெள்ளி அங்கே விடுமுறை. இன்று சனி. காலை ஏழரைக்கு ஏழாம் எண் ராக்கெட் பயிற்சிக்குப் போகும் என்று பலகையில் எழுதியிருந்தது. இங்கே மணி எட்டரை. அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால், ஏழு.

சட்டையை மாட்டினான். விஷயம் புரிந்ததும் பர்வின் வாசலை மறித்தாள்.

"சுவத்துல தொங்குதுன்னா அவங்களே பார்த்திருக்க மாட்டாங்களா? நீங்களா போன் பண்ணி மாட்டிக்கணுமா? அப்புறம் அவங்க விசா தருவாங்களா?"

முதல் கேள்விதான் அவனைத் தைத்தது. கருவி அறையைப் பார்த்துக்கொள்ளும் சீர்காழி சிங்காரவேலு தினமும் மாலையில் ஆணிகளை எண்ணாமல் பூட்டமாட்டார். பார்த்தும் ஏன் கேட்கவில்லை?

ஊரே அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் லியாகத் அலியின் டெலிபோன் பூத்துக்கு சைக்கிளில் பறந்தான். "வந்த ரெண்டாம் நாளே அரபு நாட்டுக்கு போன் போடணுமா? பர்வின் துரத்திட்டாளா தம்பி?" என்றார் லியாகத் அலி.

"அவசரம் காக்கா."

கருவி அறையின் எண்ணைச் சுழற்றினான். 'இந்தத் தடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன' என்றாள் பதிவுக் குரல்காரி. பதினேழு முறை அதையே சொன்னாள், ஒரு முறைகூடக் கோபப்படாமல். பதினெட்டாவது முறை மணி அடித்தபோது ஒன்பது பத்து.

"சிங்காரவேலு அண்ணே, அஸார். கண்ணாடி..."

எதிர்ப்பக்கம் அவனை முடிக்க விடவில்லை.

"உங்க டோக்கன் இங்கதான் தொங்குது பாய். வியாழக்கிழமையே பார்த்துட்டேன்."

"பார்த்துட்டும் சொல்லலையா?"

"சொன்னா உங்களை பிளைட் ஏற விட்டிருப்பாங்களா? ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்குப் போறீங்க. எங்கயாவது பெஞ்சுக்கு அடியில கிடக்கும்னு நேத்து முழுக்கத் தேடினேன்."

"ஏழாம் நம்பர் எங்க அண்ணே?"

"மேல."

பூத்தின் கதவை முதுகால் அழுத்திக்கொண்டான்.

"போய் ஆபீசர்கிட்ட சொல்லுங்க."

"பாய், சொன்னா வேலை போயிடும், நீங்க ஊர்லயே இருந்துக்க வேண்டியதுதான். நானும் வந்துடுவேன்."

"சேர்ந்து இருப்போம். ஓடுங்க."

ரிசீவர் மேசையில் விழும் சத்தம். பிறகு எதுவும் இல்லை. வெளியே ஒரு மீன்காரர் சைக்கிள் ஹாரனை அழுத்திக்கொண்டு போனார். அஸார் ரிசீவரைக் காதோடு நெரித்தான்.

ஓடி வந்த காலடிகள். புதிய குரல், ஆங்கிலத்தில். அதிகாரி. கூடவே வயர்லெஸ்ஸின் கரகரப்பு.

"முதல் பாய்ச்சலுக்கு முன்னால் நிறுத்திவிட்டோம். ஆனால் தடி பாதிக்கு மேல் வரவில்லையாம். கண்ணாடியை எந்தப் பக்கம் வைத்தாய்?"

வைத்த ஞாபகமே இல்லாதவன் என்ன சொல்வது? தவறிச் சொன்னால் இன்னும் இறுகச் சிக்கும். அஸார் கண்ணை மூடினான். மனதுக்கு நினைவு வரவில்லை, உடம்புக்கு வந்தது. வலது முழங்கால் தரையில். திருப்புளி வலது கையில். அப்படியானால் கண்ணாடி இடது கையில்தான் இருந்திருக்கும். அந்தக் கைக்கு எட்டுவது ஒரே ஓர் இடம், இருக்கைச் சட்டத்தின் இடது விளிம்பு.

"இடப்பக்கம் சார். அங்கிருந்து வலப்பக்கம் உருண்டுதான் மூட்டுக்குள் போயிருக்கும். திரும்ப இடப்பக்கம் வரணும்."

"நிச்சயமா?"

"நிச்சயம்" என்றான்.

அதிகாரி வயர்லெஸ்ஸில் பேசுவது கேட்டது. அவர் சொன்ன ஒவ்வொன்றின் காரணமும் அஸாருக்குப் புரிந்தது. உயரத்தை ஏற்றிக்கொள்: மூக்கு கவிழும்போது இடம் வேண்டும். தடியை முன்னே தள்ளு: மூட்டு விரிந்து பிடி தளரும். இடது இறக்கையைத் தாழ்த்து, ஆனால் வலது மிதியை மிதி. வெறுமனே திரும்பினால் போதாது. ஒழுங்கான திருப்பத்தில் தம்ளரில் இருக்கும் தண்ணீர்கூடச் சாயாது. எதிர் மிதியை மிதித்தால்தான் விமானம் பக்கவாட்டில் சறுக்கும். உள்ளே கிடப்பதும் சறுக்கும்.

கரகரப்பு நின்றது. பூத்தின் கண்ணாடிக்கு வெளியே லியாகத் அலி, என்ன தம்பி, என்று கையால் கேட்டார். அவன் பார்த்தும் பார்க்காதவன்போல நின்றான். வலது கையில் அல்லவா கண்ணாடி இருந்தது? திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டானோ? அப்படியும் செய்வதுண்டு. யா அல்லாஹ், அப்படியும் செய்வதுண்டே.

வயர்லெஸ்ஸில் ஓர் இளம் குரல், அரபியில் இரண்டே சொற்கள். சிங்காரவேலு அழுவது தூரத்தில் கேட்டது. அது எந்த அழுகை என்று அஸாருக்குத் தெரியவில்லை.

"தடி முழுசாக வருகிறது" என்றார் அதிகாரி. "இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்."

அஸார் சுவரோடு சரிந்து குந்தினான். இணைப்பைத் துண்டிக்க அவனுக்கு மனம் வரவில்லை. சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது என்று அவர் சொல்லும்வரை காத்திருந்தான். சொன்னார். பிறகு காகிதம் புரளும் சத்தம்.

"நான் அறிக்கை எழுத வேண்டும். உன் முழுப் பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளபடி."

அஸார் ஓர் எழுத்தும் விடாமல் சொன்னான்.